டெல்லி–மீரட் ரயிலில் ஐந்து நாள்: ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது?

ஜனவரி 19, 2025, ஞாயிறு – நியூ அசோக் நகர்

காலை ஆறரைக்கே நானும் சித்தப்பாவும் நமோ பாரத், அதாவது டெல்லி–மீரட் விரைவு ரயிலின் ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டோம். கதவு பூட்டியிருந்தது. மற்ற நாட்களில் முதல் வண்டி ஆறு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு மணிக்குத்தான் என்று காவலர் சொன்ன பிறகே தெரிந்தது. ஒன்றரை மணி நேரம், அதுவும் டெல்லியின் ஜனவரிக் குளிரில். மூடுபனியில் பத்தடி தள்ளி நிற்கும் ஆட்டோகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் ஒரு டீக்கடைக்காரர் தகர டப்பாவில் மரத்துண்டுகளைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எடுத்து நெருப்புக்குப் பக்கத்தில் போட்டார். சித்தப்பாவை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டார். இஞ்சி டீ பத்து ரூபாய். மூன்று குடித்தேன்.

எதற்காக வந்திருக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 82 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட டெல்லி–காஜியாபாத்–மீரட் தடத்தில் இப்போது நியூ அசோக் நகரிலிருந்து மீரட் சவுத் வரை வண்டி ஓடுகிறது. பதினோரு ஸ்டேஷன், 55 கிலோமீட்டர். இந்த ஸ்டேஷன் திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. ரயில் மட்டும் வந்தால் போதாது, நடந்து போகும் தூரத்தில் வீடும் வேலையும் கடையும் பள்ளியும் நெருக்கமாக அமைய வேண்டும், அதைத்தான் போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி என்கிறோம். அது நடக்கிறதா என்று பத்து வருடம் கழித்து யாராவது கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல வேண்டுமென்றால், இன்று இந்த இடம் எப்படி இருக்கிறது என்று இன்றே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த வேலைக்காகத்தான் என் சொந்த விடுப்பில், சொந்தச் செலவில் வந்திருக்கிறேன்.

சென்னையில் பறக்கும் ரயில் 1997ல் மயிலாப்பூர் வரை நீண்டபோது எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டருகே அவ்வளவு பெரிய ஸ்டேஷன் கட்டடம் எழும்பியது. அதன் மேல்தளங்கள் வருடக்கணக்கில் இருட்டாகக் கிடந்ததைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். நகரத் திட்டமிடல் படிக்கப் போனதற்கே அந்த இருட்டுதான் காரணம்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தார்கள். மீரட் சவுத் வரை 150 ரூபாய். ஏறிய நாற்பதாவது நிமிடம் இறங்கிவிட்டோம். வண்டி 160 கிலோமீட்டர் வேகம் தொட்டபோதும் சித்தப்பா கையிலிருந்த காபி தளும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே அடுக்குமாடி, தொழிற்சாலை, அப்புறம் கடுகு வயலின் மஞ்சள், கரும்பு, செங்கல் சூளைப் புகைபோக்கி. இன்று வெறும் பார்வைதான். நாளை நடை.

ஜனவரி 20, திங்கள் – குல்தார்

இன்று கால் வலிக்கிறது, ஆனால் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

சித்தப்பா மத்திய அரசில் கணக்குப் பிரிவில் 35 வருடம் இருந்தவர். எண்ணுவது என்றால் அவருக்கு உயிர். என் பையிலிருந்த டேலி கவுண்டரை, அதாவது கட்டைவிரலால் அழுத்த அழுத்த எண் ஏறுமே அந்தச் சின்ன எஃகுக் கருவியை, நேற்றிரவே வாங்கி வைத்துக்கொண்டார். குரங்குக் குல்லா, மஃப்ளர், அதற்கு மேல் சித்தி வற்புறுத்திப் போட்டுவிட்ட சால்வையோடு குல்தார் ஸ்டேஷன் வாசலில் ஓர் ஓரமாக நின்று, இறங்கி வருபவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தார்.

நான் நடக்கப் போனேன். போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக்கென்று 2017ல் வந்த தேசியக் கொள்கை, ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை, பத்துப் பன்னிரண்டு நிமிட நடையை, அதன் தாக்கம் உள்ள பகுதியாக வைக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் 2022 கொள்கை இந்த ரயிலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் வட்டம் எடுத்துக்கொள்கிறது. படத்தில் பார்த்தால் இரண்டும் வட்டம்தான். கணக்குப் போட்டால் முதல் வட்டம் சுமார் 2 சதுர கிலோமீட்டர், இரண்டாவது 7. மூன்றரை மடங்கு! வட்டத்தைப் பெரிதாக்கினால் அதற்குள் எழும்பும் கட்டடங்களும் தானாகவே கூடும். பின்புறம் 1.4 கிலோமீட்டர் தள்ளி, வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் கொடுத்துக் கட்டும் குடியிருப்பும் ரயிலால் வந்த வளர்ச்சி என்று கணக்கில் ஏறிவிடும். அங்கே இருப்பவர் ஒருநாளும் ஸ்டேஷனுக்கு நடந்து வரப் போவதில்லை.

அதனால் நான் வட்டத்தை நம்புவதில்லை. வாசலில் இருந்து கிளம்பி, இருக்கிற வழியெல்லாம் பத்து நிமிடம் நடந்து, எங்கே நிற்கிறேனோ அங்கே ஒரு புள்ளி வைப்பேன். எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் ஒரு வடிவம் வரும். அந்த வடிவம் வட்டத்தில் எவ்வளவு பங்கு என்பதுதான் முதல் கணக்கு. தெருக்கள் நெருக்கமாகப் பின்னிய ஊரில் பாதிக்கு மேல் வரும். இங்கே இன்று எனக்கு வந்தது நட்சத்திரமீன் மாதிரி ஒல்லியான ஒரு வடிவம். பாதை ஓடும் பக்கம் கால் நீட்டியிருக்கிறது, மற்ற இடமெல்லாம் வெற்று.

ஓர் இடத்தைக் கிட்ட இருந்து காட்டுகிறேன். பிரதான சாலையிலிருந்து உள்ளே ஒரு குடியிருப்பு. ஸ்டேஷன் மேல்தளத்தில் நின்றால் அங்கே மொட்டை மாடியில் துணி காய்வது தெரியும், கூப்பிடு தூரம். ஆனால் நடுவே நீளமான ஒரு காம்பவுண்டு சுவர், அதையொட்டி ஒரு சாக்கடை வாய்க்கால். சுற்றிப் போனால் பதினெட்டு நிமிடம். சுவரின் ஓர் இடத்தில் நான்கைந்து செங்கல்லைப் பெயர்த்து ஆள் நுழையும் ஓட்டை போட்டிருக்கிறார்கள். வாய்க்கால் மேல் இரண்டு மின்கம்பத்தைக் குறுக்கே போட்டுப் பாலம். ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோளில் லேப்டாப் பையோடு அதன் வழியாக வந்தார். பதினெட்டு நிமிடம் ஆறு நிமிடமாகிறது. யாரோ முகம் தெரியாத ஒருவர் சுத்தியலால் செய்த திட்டமிடல் இது. என் குறிப்பேட்டில் ‘ஓட்டை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அடுத்த முறை வரும்போது இங்கே ஒரு முறையான சந்து வந்திருந்தால் அது முன்னேற்றம். ஓட்டையை அடைத்திருந்தால், பக்கத்தில் எத்தனை மாடி எழும்பியிருந்தாலும் சரி, என் கணக்கில் அது பின்னடைவுதான்.

மதியம் ஸ்டேஷன் பக்கத்தில் தள்ளுவண்டி வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் பிரெட் பக்கோடா சாப்பிட்டோம். ஒன்று 20 ரூபாய், பச்சை மிளகாய்ச் சட்னி கண்ணில் நீர் வரவைத்தது. ஸ்டேஷன் வந்ததில் வியாபாரம் கூடியிருக்குமே என்று சித்தப்பா இந்தியில் கேட்டார். அந்த அம்மா கையை உதறினார். கட்டுமானம் நடந்த வருடங்களில்தான் நல்ல வியாபாரமாம். தொழிலாளர்கள் மூன்று வேளையும் வந்து சாப்பிட்டார்கள். வண்டி ஓட ஆரம்பித்ததும் அவர்கள் போய்விட்டார்கள். இப்போது இறங்குகிறவர்கள் நேராக ஈ-ரிக்‌ஷாவில் ஏறிவிடுகிறார்கள், நிற்பதே இல்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சித்தப்பாவின் எண்ணிக்கையும் அதையே சொன்னது. பத்துப் பேர் இறங்கினால் நடந்து போகிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் இல்லை.

தூரத்தில் ராஜ்நகர் எக்ஸ்டென்ஷன் கோபுரங்கள் வரிசையாகத் தெரிகின்றன. பார்த்தால் ரயில்தான் கொண்டுவந்தது போலத் தோன்றும். ஆனால் 2019 மார்ச்சில் இந்தத் தடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன்பே அங்கே மக்கள் குடியேறிவிட்டார்கள். ஏற்கெனவே இருந்ததை ரயிலின் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதனால்தான் ஸ்டேஷன் இல்லாத, மற்றபடி இதே மாதிரியான ஓர் இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் வளர்ந்தால் ரயிலுக்கு அதில் பங்கில்லை. அந்த ஜோடி இடத்தை நாளை தேர்ந்தெடுக்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய் – மோதிநகர்

ஜோடி இடம் தேடப் போய், மீரட் சாலையில் கரும்பு டிராலிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். டிராக்டர் இழுக்கும் டிராலியில் கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கி வழிய, ஒன்றன்பின் ஒன்றாக ஆலைக்குப் போகின்றன. முராத்நகரில் கங்கைக் கால்வாயைத் தாண்டினோம். 1854ல் திறந்த கால்வாய், இன்னும் கரை தொட்டு ஓடுகிறது.

வழியில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் நிறுத்தினோம். பெரிய இரும்புக் கொப்பரையில் பாகு கொதிக்க, அந்த வெப்பத்தில்தான் கை விரல் திரும்பவும் என்னுடையதானது. கொட்டகைக்காரர் சூடான வெல்லத்தை வாதாம் இலை மாதிரி ஏதோ ஓர் இலையில் வைத்துக் கொடுத்தார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. “மதராஸிலிருந்து வந்திருக்கிறீர்கள், விருந்தாளி” என்றார். சித்தப்பா ஒரு கிலோ விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்தார்.

மோதிநகர் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. 1933ல் குஜர்மல் மோதி சர்க்கரை ஆலை தொடங்கி, அதைச் சுற்றி வளர்ந்த ஊர். ஆலை, தொழிலாளர் வீடு, கடைத்தெரு எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பல ஆலைகள் மூடிவிட்டாலும் தெருக்களின் பின்னல் அப்படியே இருக்கிறது. பத்து நிமிட நடை வடிவம் இங்கே நன்றாகப் பரந்து வந்தது. தையல்காரர், ஹோமியோபதி டாக்டர், இரும்புக் கடை, இனிப்புக் கடை என்று கீழ்த்தளம் முழுக்கத் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கதவுகளை எண்ணுவதும் என் கணக்கில் உண்டு. நூறு மீட்டர் நடந்தால் எத்தனை கதவு தெருவைப் பார்க்கிறது? குல்தாரில் பல இடத்தில் ஒன்றுகூட இல்லை, சுவர்தான்.

மதியம் சித்தி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து பிரித்தோம். சாதம் ஐஸ் மாதிரி உறைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் தன் டிபன் பாக்ஸிலிருந்து சூடு குறையாத ஆலு பராட்டாவை எடுத்து, கேட்காமலே ஆளுக்கு ஒன்றாக வைத்தான். காஜியாபாத்தில் படிக்கிறானாம். முன்பெல்லாம் பஸ்ஸில் போய் வந்தானாம், இப்போது ரயில். அங்கேயே அறை எடுக்கலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தது நின்றுவிட்டதாகச் சொன்னான்.

அப்போதுதான் சித்தப்பாவிடம் பெர்டோலினியைப் பற்றிச் சொன்னேன். நெதர்லாந்தில் இருந்து எழுதிய நகரத் திட்டமிடல் ஆய்வாளர் லூகா பெர்டோலினி, 1999ல், ஸ்டேஷனை இரண்டு விதமாகப் பார்க்கச் சொன்னார். ஒன்று, பல ஊருக்குப் போக உதவும் முடிச்சு. இன்னொன்று, மக்கள் வந்து தங்கும் இடம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தால்தான் ஸ்டேஷன் உயிரோடு இருக்கும்.

சித்தப்பா பராட்டாவை மென்றுகொண்டே யோசித்தார். “அப்ப குல்தார்ல முடிச்சு இருக்கு, ஊர் இல்ல. இங்க ஊர் இருந்துச்சு, முடிச்சு இப்பத்தான் வந்திருக்கு. அப்படித்தானேம்மா?”

அப்படியேதான். இதை இவ்வளவு சுருக்கமாக நான் வகுப்பில்கூடக் கேட்டதில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே அளவுகோல் வைத்து, எத்தனை புது மாடி வந்தது என்று மட்டும் பார்த்தால், குல்தார் முதல் மார்க் வாங்கும், மோதிநகர் தோற்றுவிடும். இங்கே வேண்டியது புதுக் கோபுரம் இல்லை. ஸ்டேஷனிலிருந்து கடைத்தெருவுக்கு உடையாத நடைபாதை, ஒரு சைக்கிள் நிறுத்துமிடம், மூடிய ஆலை நிலத்தில் மறுபடி வேலை.

ஜனவரி 22, புதன் – மீரட் சவுத்

இன்று சுருக்கமாக. இரவெல்லாம் தொண்டை வலி.

ஸ்டேஷன் பர்தாபூர் பக்கம், டெல்லி–மீரட் விரைவுச்சாலை முடியும் இடத்தருகே. வாசலில் பெரிய வாகன நிறுத்துமிடம், பைக்குகள் வரிசை வரிசையாக. இன்றைக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. மீரட் ஊருக்குள் மெட்ரோ இன்னும் ஓடவில்லை, மக்கள் எப்படித்தான் வருவார்கள்? ஆனால் ஸ்டேஷனை ஒட்டிய முதல் 200 மீட்டர்தான் இந்தப் பகுதியிலேயே மதிப்பான மண். அதில் எவ்வளவு பங்கு வண்டி நிற்கிறது, எவ்வளவு பங்கில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். மெட்ரோ வந்த பிறகு அந்தப் பங்கு மாறுகிறதா என்பதை வருடாவருடம் பார்க்க வேண்டும்.

சாலையோரம் எங்கு பார்த்தாலும் மனை விற்பனைப் பலகைகள். ‘ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்’ என்று போட்ட ஒரு பலகையின் இடத்துக்கு நடந்து பார்த்தோம். நாற்பது நிமிடம் ஆனது. காரில் போனால் ஐந்து நிமிடமாக இருக்கலாம்.

பலகை விலையைவிட எனக்கு வாடகைதான் முக்கியம். பக்கத்துக் கிராமத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கொத்தனார் குடும்பத்திடம் பேசினோம். பீகாரிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்காரர் இந்த வருடம் வாடகையை ஏற்றப்போவதாகச் சொல்லிவிட்டாராம். “ஸ்டேஷன் வந்துடுச்சுன்னு ஏத்தறார், நாங்க எங்க அதுல போறோம்” என்றார் அந்தப் பெண். குழந்தை என் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது, கொடுத்துவிட்டு வந்தேன். பத்து வருடத்தில் இந்த இடம் பளபளவென்று ஆகி, இவர்கள் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தால், ரயிலில் அன்றாடம் போகக்கூடியவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கார் வைத்திருப்பவர்களைக் குடியேற்றியிருக்கிறோம் என்று அர்த்தம். யார் இருந்தார்கள், யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி இல்லாத எந்த அளவீடும் எனக்கு வேண்டாம்.

திரும்பும்போது கஜக் வாங்கினோம். எள்ளும் வெல்லமும் சேர்த்து, அப்பளம் போல மெல்லிய மடிப்பு மடிப்பாக இருக்கும், மீரட்டின் பேர்போன பண்டம். வாயில் வைத்தால் கரைகிறது. தொண்டைக்கு இதமாக இருந்ததாக நானே நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 23, வியாழன் – மறுபடி குல்தார், இரவு

குடியரசு தின ஒத்திகைக்காக டெல்லியில் பல சாலைகளை அடைத்திருந்தார்கள். பகல் முழுக்கச் சித்தி மிளகு ரசம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார். சாயங்காலம் அவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, சித்தப்பாவோடு கிளம்பினேன். பகலில் மட்டும் அளந்தால் அது பாதி அளவுதான்.

இரவு எட்டு மணி. வண்டியிலிருந்து இறங்கி, ஒளி நிரம்பிய ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தேன். முதல் ஐம்பது மீட்டர் வெளிச்சம். அதற்கு மேல் லாரிகளின் ஹெட்லைட் மட்டும். வேலை முடிந்து வந்த பெண்கள் மூன்று நான்கு பேராகச் சேரும்வரை வாசலிலேயே காத்திருந்து, அப்புறம் சேர்ந்து நடந்தார்கள். சிலருக்கு அப்பாவோ அண்ணனோ பைக்கில் காத்திருந்தார்கள். திங்கட்கிழமை பார்த்த அந்த லேப்டாப் பையோடு ஒருவர் போவது தெரிந்து பின்னால் ஓடினேன். அதே பெண்தான். சுவர் ஓட்டை வழியாகப் போவீர்களா என்று கேட்டேன். இரவில் போக மாட்டாராம். பத்து ரூபாய்க்குப் பதில் இருபது கொடுத்து ஈ-ரிக்‌ஷாவில் சுற்றித்தான் போவாராம்.

அப்படியானால் அவருடைய பத்து நிமிட வடிவம் பகலில் ஒன்று, இரவில் ஒன்று. எனக்கு இது புத்தியில் உறைத்த நேரம். இத்தனை நாள் பகல் வரைபடத்தை வைத்துக்கொண்டு அதை எல்லாருடைய வரைபடம் என்று நினைத்திருந்தேன். சித்தப்பாவை எழுந்து வரச் சொல்லி, ஸ்டேஷனிலிருந்து எது வரை தெருவிளக்கு எரிகிறது என்று இருவரும் நடந்து குறித்தோம். அவர் கையில் டார்ச், என் கையில் குறிப்பேடு. நாய்கள் இரண்டு துணைக்கு வந்தன.

தள்ளுவண்டி அம்மா கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த இரண்டு பக்கோடாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, நாளைக்கு வருவீர்களா என்று கேட்டார்.

ஜனவரி 25, சனி – சென்னை ரயிலில்

நாக்பூர் தாண்டியாயிற்று, ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன். குறிப்பேட்டில் மூன்று ஸ்டேஷன், ஒரு ஜோடி இடம், இரண்டு வடிவங்கள், ஓட்டை, விளக்குகள், கொத்தனார் வாடகை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அமெரிக்காவின் ஆர்லிங்டனில் ராஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை மெட்ரோ வந்தது 1970களின் கடைசியில். அந்தத் தடத்தை இன்று உலகமே உதாரணம் காட்டுகிறதென்றால், பின்னால் பல பத்தாண்டு உழைப்பும் விடாத கணக்கும் இருக்கின்றன. நாம் இரண்டாவது வருடத்தில்தான் நிற்கிறோம்.

டேலி கவுண்டரைச் சித்தப்பாவிடமே விட்டுவிட்டு வந்தேன். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அதே வாசல், காலை எட்டரை முதல் ஒன்பது வரை எண்ணுவதாகச் சொன்னார். சித்தி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சால்வை இல்லாமல் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு அப்புறம் சரி என்றார். சற்று முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வயல் பக்கத்தில் போட்டிருக்கும் ஒரு கருங்கல் குவியல், அதற்கு நடுவே யாரோ நடந்து போன ஒற்றையடித் தடம். கீழே ஒரே வரி: “இது திங்கக்கிழமை இல்லம்மா, குறிச்சுக்கோ.”